கிளிக்குடுவையில் ஒரு நசுங்கல்

கோபக்கார மகனுக்கு, கோபத்தைவிடக் குழப்பம் அதிகமாகிப்போன உன் அம்மா எழுதுவது.

போனில் பேசலாம் என்றால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். நீ வைக்காவிட்டால் நான் வைத்துவிடுகிறேன். வளைகாப்பு முடிந்து கோமதியை அவள் அம்மா வீட்டார் வாலாஜாபாத்துக்கு அழைத்துப் போன நாளிலிருந்து நம் பேச்சு இப்படித்தான் நடக்கிறது. அதனால் எழுதுகிறேன். காகிதத்தை நீ கிழித்துப் போடலாம், ஆனால் குறுக்கே பேச முடியாது. அங்கன்வாடியில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அ, ஆ எழுதிக் காட்டிய கை இன்னும் நேராகத்தான் எழுதுகிறது, மனசுதான் ஒரு பக்கமாக நிற்க மாட்டேன் என்கிறது. கோமதிக்கு நாள் நெருங்கிவிட்டது. வளைகாப்பு அன்று அத்தனை பேர் முன்னால் நீ சொன்னது என் காதிலேயே நிற்கிறது: "அந்தக் கிளிய எட்த்துகினு வர்றதா இருந்தா நீ ஆஸ்பத்திரி பக்கமே வராத." நான் வரலாமா, கூடாதா? பேரப்பிள்ளையை என் கையில் கொடுப்பாயா, மாட்டாயா? இந்த ஒன்றைக் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் குடுவையைப் பற்றிப் பேசாமல் இதைக் கேட்க முடியவில்லை.

நீ பிறந்ததிலிருந்து பார்த்த சாமானை உனக்கே விவரிக்கிறேன் என்று சிரிக்காதே. நானே இப்போதுதான் அதை ஒழுங்காகப் பார்க்கிறேன். உள்ளங்கையில் அடங்குகிற பித்தளைக் குடுவை. வயிறு மாங்காய் மாதிரி ஒரு பக்கம் புடைத்திருக்கும். இரண்டு பாதியாகத் தட்டி ஒன்றாக இணைத்திருக்கிறார்கள், ஆனால் இணைப்பு எங்கே என்று நகத்தால் தடவினாலும் தெரியாது. மேலெல்லாம் கொடியும் இலையும். இரண்டு பக்கமும் கயிறு கோக்கிற வளையம். மெலிந்த கழுத்து, அதன் நுனியில் சின்ன வாய், கழுத்தை ஒட்டி ஒரு கிளி உட்கார்ந்திருக்கும். கிளியின் வாலை அமுக்கினால் கழுத்துக்குள்ளே இருக்கும் சின்னத் தகடு விலகி வழி விடும், விரலை எடுத்தால் பட்டென்று மூடிக்கொள்ளும். கழுத்தைத் திருகினால் கிளியோடு சேர்ந்து கழன்று வரும், அந்த வழியாகத்தான் நாம் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுவோம்.

ஊரில் எல்லார் வீட்டிலும் பிறந்த குழந்தைக்கு யாராவது நல்ல குணமுள்ளவரை அழைத்துச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கச் சொல்வார்கள், யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் வரும் என்று. மற்ற வீட்டில் சங்கில் வைப்பார்கள், விரலில் வைப்பார்கள். உன் நைனா வீட்டில் மட்டும் கிளிக்குடுவையில். நான் கல்யாணமாகி வந்ததும் என் மாமியார் எனக்குச் சமையலறையைக் காட்டுவதற்கு முன்னால் இதைத்தான் காட்டினார். "வெரலால வாய மூடு. கவுத்துப் புடி. வால அமுக்கு. வுடு. இப்ப வெரல எட்த்துட்டு குடுவ வாய கொழந்த ஒதட்டுல வெய்யி." இப்படிச் செய்தால் கழுத்தில் நிற்கிற அளவுதான் வரும், ஒரு சொட்டு கூடாது, குறையாது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பெரிய மாமனார் ஏரியில் தூர் வாரும்போது கிடைத்தது என்பார். உன் அத்தை அது யாரோ ஒரு மருமகள் கொண்டுவந்த சீர் என்பாள். குதிரையில் வந்தவன் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு மறந்து வைத்துப் போனது என்று இன்னொரு கதை. மூன்றையும் நான் நம்பிக்கொண்டிருந்தேன், ஒன்றுக்கொன்று இடித்ததாக எனக்குத் தோன்றவே இல்லை.

வளைகாப்பு அன்று உன்னோடு வேலை செய்கிற பிரகாஷ் வந்தான் அல்லவா, பழைய சாமான் சேர்க்கிறவன். நல்ல பிள்ளைதான், அவனைக் குறை சொல்லவில்லை. வரிசைத் தட்டில் பழத்துக்கும் வளையலுக்கும் நடுவே குடுவை மின்னிக்கொண்டிருந்தது, முதல் நாள்தான் நான் புளி போட்டுத் தேய்த்திருந்தேன். "ஆன்ட்டி, இத எப்படி யூஸ் பண்ணுவீங்க?" என்று கேட்டான். எனக்கோ பெருமை தாங்கவில்லை. தண்ணீரை ஊற்றி, விரலால் வாயை மூடி, கவிழ்த்து, அமுக்கி, விட்டுக் காட்டினேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "ஆன்ட்டி, துப்பாக்கிக்கு மருந்து இப்படித்தான் அளப்பாங்க. அச்சு அசல் இப்படித்தான். இது வெடிமருந்துக் குடுவை ஆன்ட்டி!" என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அவன் சொன்னது அத்தனையும் நான் தலையாட்டிக் கேட்டேன், கோமதியின் அம்மா பக்கத்தில் நின்றதால் தெரிந்தது போலவே முகத்தை வைத்துக்கொண்டேன். இரும்பில் செய்தால் எங்காவது உரசித் தீப்பொறி வருமாம், அதனால் பித்தளை. தண்ணீர் பட்டால் கருமருந்து வீணாகிவிடுமாம், அதனால் இணைப்பு தெரியாமல் பற்றவைத்த வேலை. சூடாக இருக்கிற துப்பாக்கிக் குழாயில் மருந்தைக் கொட்டும்போது தீப்பிடித்தால் நெருப்பு குடுவைக்குள் போய்க் கையோடு வெடித்துவிடக் கூடாது, அதற்குத்தான் கழுத்தில் அந்தத் தகடு, அதனால்தான் கிளியின் வால் அவ்வளவு விறைப்பு. "இத புளி போட்டுத் தேய்க்கவே கூடாது ஆன்ட்டி. எவ்ளோ நுணுக்கமான வேல, பாதி அழிஞ்சு போச்சு" என்று வருத்தப்பட்டான். "களிம்போட கொழந்த வாயில வெக்க முடியுமாப்பா?" என்று கேட்டேன். அவன் குடுவையைத் திருப்பினான். வயிற்றுப் பக்கம் இருக்கும் நசுங்கலைத் தடவிப் பார்த்து, "இது ஏதாவது சண்டையில ஆயிருக்கணும்" என்றான். எல்லாரும் ஒரு தரம் அந்த நசுங்கலை எட்டிப் பார்த்தார்கள். உன் நைனா மட்டும் எழுந்து பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார்.

அப்புறம் நீ ஆரம்பித்தாய். "ஆள சாவடிக்கிற சாமானு! உள்ள இன்னா விஷம் கீதோ, ஈயம் கீதோ! இத்தப் போயி எம் புள்ள வாயில வெப்பியா? நீயெல்லாம் அங்கன்வாடி டீச்சரு!" எனக்கு வந்த ஆத்திரத்தில், "இத்த வெச்சிதாண்டா நீயும் வளந்த, நீ இன்னா செத்தா பூட்ட?" என்று கேட்டுவிட்டேன். நல்ல நாளும் அதுவுமாக அப்படி ஒரு வார்த்தை என் வாயில் வந்தது. அதற்குப் பதிலாகத்தான் நீ ஆஸ்பத்திரிப் பக்கம் வராதே என்றாய். இரண்டில் எது பெரிய பேச்சு என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

எல்லாரும் போன பிறகு குடுவையின் கழுத்தைக் கழற்றி முகர்ந்து பார்த்தேன். தீபாவளி மறுநாள் தெருவில் வருமே, அந்த வாசனை வந்தது. பகீரென்றது. மறுநாள் காலையில் மறுபடி முகர்ந்தேன், சர்க்கரைப் பாகு வாசனை. சாயங்காலம் வெறும் பித்தளை வாசனை. என் மூக்கையே என்னால் நம்ப முடியவில்லை. நீ சொன்னதில் நியாயம் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று தெருத் தெருவாகப் போய்ச் சொன்னவள் நான். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் அது வேறு, இது வேறு என்று இருந்தது. சர்க்கரைத் தண்ணீர் ஆகாரம் இல்லை, அது குணம் என்று மனசு தானாகவே பிரித்து வைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் யோசித்தால் அதுவும் சரி, இந்தப் பக்கம் யோசித்தால் இதுவும் சரி. ஒரு நாள் குடுவையைத் தூக்கிக் கிணற்றில் போடலாம் என்று எடுத்துப் போனேன். கிணற்று மேட்டில் நின்று அந்த இணைப்பைத் தடவிப் பார்த்தேன். இதைச் செய்தவன் யாரைக் கொல்லலாம் என்று நினைத்துச் செய்தானா, கையில் பிடித்திருப்பவன் வெந்துவிடக் கூடாதே என்று நினைத்துச் செய்தானா? இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியுமா? ஒன்றும் புரியாமல் திரும்பக் கொண்டுவந்து மாடத்திலேயே வைத்துவிட்டேன்.

இது போதாது என்று கோமதி போன் செய்தாள். இதைப் படித்துவிட்டு அவளிடம் போய்ப் பாயாதே. உன்னிடம் சொல்லப்போகிறேன் என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், "சொல்லுங்க அத்தே, எனக்கு நேர்ல சொல்ல பயமா கீது" என்றாள். அவள் கேட்டது இதுதான்: "அத்தே, அவரு கத்தறாருன்னு வுட்றாதீங்க. நீங்க எட்த்துகினு வாங்க. உள்ள தண்ணி கிண்ணி ஒண்ணும் வாணாம், டாக்டர் திட்டும். சும்மா காலிக் குடுவைய மாமா கையால கொழந்த ஒதட்டுல தொட்டு வெச்சா போதும். மாமா கொணம் வரட்டும். இவரு கொணம் வாணாம் அத்தே, என்னால ரெண்டு பேர சமாளிக்க முடியாது." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகு மறுபடி மாடத்துக்குப் போய்க் குடுவையைப் பார்த்தேன். ஏனென்றால் அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். உனக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைத்தது யார் என்று நினைக்கிறாய்? உன் நைனாதான்.

ஆமாம், அதே நைனா. பம்புசெட்டு மோட்டார் எரிந்துபோனாலும் "செரி, பாத்துக்கலாம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிற மனுஷன். பக்கத்து நிலத்துக்காரன் வரப்பை வெட்டினால் அவனுக்கே மண்வெட்டி பிடித்துக் கொடுக்கிறவர். ஊரிலேயே சாது இவர்தான் என்று என் மாமியாரே முடிவு பண்ணி, பெற்ற மகன் கையாலேயே பேரனுக்கு வைக்கச் சொன்னார். வந்து பிறந்தது நீ! சோறு குழைந்தால் கத்தல், பஸ் தாமதமானால் கத்தல், செருப்பு வாசலில் கோணலாகக் கிடந்தால் அதற்கும் கத்தல். அப்படியென்றால் குணம் வருவது பொய். பொய் இல்லையென்றால் குடுவைக்குள் இருந்த வெடிமருந்து உன் நைனாவின் குணத்தைத் தின்றுவிட்டது. முதலாவது சரி என்றால் கோமதி கேட்டபடி எடுத்துப் போனால் தப்பில்லை, ஆனால் எடுத்துப் போய்ப் பிரயோஜனமும் இல்லை. இரண்டாவது சரி என்றால் நீ கத்தியதுதான் சரி. வடித்த சோற்றைக் குக்கரில் வைத்து விசில் வருமென்று காத்திருந்தேன் ஒரு நாள், அந்த அளவுக்குப் புத்தி பேதலித்துப்போனது.

கடைசியில் போன வாரம் உன் நைனா வயலிலிருந்து வந்து நாஷ்டாவுக்கு உட்கார்ந்தபோது எல்லாவற்றையும் அவர் தட்டுக்கு முன்னால் கொட்டினேன். "நீங்களாச்சும் ஒரு வார்த்த சொல்லுங்க. எட்த்துகினு போறதா, வாணாமா?" அவர் இட்லியைப் பிட்டுக்கொண்டே, "அந்த நசுங்கல் சண்டையில ஆனது இல்ல" என்றார். நான் கேட்டதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு எரிச்சல். "பின்ன?" என்றேன். "நான் பண்ணது" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உனக்கும் தெரிய வேண்டும். நீ பிறந்த அன்று எனக்கு ரத்தம் நிற்கவில்லை. அது எனக்குச் சொல்லக் கேள்விதான், எனக்கு நினைவே இல்லை. உன்னை ஒரு பழைய வேட்டியில் சுற்றி நைனா கையில் கொடுத்துவிட்டு, டாக்டரும் நர்சும் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டார்கள். யாரும் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. என் மாமியார் குடுவையை நீட்டி, "வெய்யிடா" என்றிருக்கிறார். நைனா வீட்டில் உனக்கு முன்னால் பிறந்த வேறொரு குழந்தைக்கு ஊற்றிய சர்க்கரை உள்ளே காய்ந்து தகடு ஒட்டிக்கொண்டிருந்தது போல, வாலை அமுக்கினால் நகரவில்லை. நீயோ வீறிட்டு அழுகிறாய். "அமுக்கறேன், அமுக்கறேன், வரவே இல்ல. கதவுக்குள்ள சத்தமே இல்ல. எனக்கு இன்னா வந்திச்சின்னே தெர்ல. ஜன்னல் கம்பியில ஓங்கி ஒரு அடி அடிச்சேன். வார்டே திரும்பிப் பாத்துது. வாயில வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்துடுச்சி. சாமியத் திட்டனேனோ, கிளியத் திட்டனேனோ, உன்னத்தான் திட்டனேனோ, தெர்ல." ஏன் அப்படி என்று கேட்டேன். அவர் கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்தார். "நீ பூட்டியோன்னு நெனச்சேன்" என்றார். அடித்த அடியில் தகடு விட்டிருக்கிறது. அந்தக் கையோடுதான், அந்த வாயோடுதான் உன் உதட்டில் தொட்டு வைத்திருக்கிறார். வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் அந்த மனுஷன் கோபப்பட்டார், அந்த நேரம் பார்த்து உனக்குச் சர்க்கரைத் தண்ணீர்!

நான் சிரித்தேன், அப்புறம் அழுதேன், அப்புறம் அவர் தட்டில் சட்னி ஊற்றுவதாக நினைத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டேன். அன்றிலிருந்து உன்னுடைய ஒவ்வொரு கத்தலையும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உத்திரமேரூர் போகிற வழியில் நான் மொபெட்டிலிருந்து விழுந்தேனே, நினைவிருக்கிறதா? ஆஸ்பத்திரிக்கு வந்து எப்படியிருக்கிறாய் என்றுகூடக் கேட்காமல், ஹெல்மெட் போடவில்லை என்று என்னைத் திட்டி, கட்டுப் போட்ட நர்சைத் திட்டி, ரோட்டைத் திட்டி ஒரு பாட்டம் ஆடினாய். பெற்ற பிள்ளை இப்படியா என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் குறை சொன்னேன். ஆனால் நீ அன்று சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு வந்திருந்தாய். அதையும் நான் பார்த்தேன், சிரித்துக்கொண்டேன், அவ்வளவுதான். கோமதிக்கு ஜுரம் வந்து போன் எடுக்காத அன்று உன் போனைச் சுவரில் அடித்து உடைத்தாய் என்று அவள் சொன்னபோதும், இவன் பேஜார் பிடித்தவன் என்றுதான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். வளைகாப்பு அன்று குடுவையை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, கோமதிக்கு எட்டாத தூரத்தில் தள்ளி வைத்தாயே. கோபத்தில் தள்ளுகிறாய் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. உனக்குப் பயம். உன் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று உயிர் போகிற பயம். உனக்குப் பயம் வந்தால் அது வாய் வழியாகக் கத்தலாகத்தான் வெளியே வருகிறது, உன் நைனாவுக்கு ஜன்னல் கம்பியில் வந்த மாதிரி. இதை நான் தெரிந்துகொள்ள நீ அப்பாவாக வேண்டியிருந்திருக்கிறது.

அதற்காகக் குழப்பம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. குணம் குடுவை வழியாக வந்ததா, நைனாவின் ரத்தத்தில் வந்ததா, இல்லை உன் சொந்தச் சம்பாத்தியமா, எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான், அதைப் புத்திமதி என்று வேண்டுமானால் வைத்துக்கொள். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். கோமதியிடம் சொல், என்னிடம் சொல், யாரும் இல்லாவிட்டால் பிரகாஷிடமாவது சொல். சொன்னால் ஆண்பிள்ளைத்தனம் ஒன்றும் குறைந்துவிடாது. உன் நைனா இத்தனை வருஷம் கழித்து இட்லி தட்டுக்கு முன்னால் சொன்னார், அவர் எனக்கு அன்றைக்குத்தான் புருஷனாகவே தெரிந்தார். இன்னொன்று, பிரசவ வார்டில் ஜன்னல் கம்பி இருக்கிற பக்கமாக நிற்காதே.

கோமதி கேட்டதற்கு இப்படிச் சொல்லியிருக்கிறேன்: குடுவை மாடத்திலேயே இருக்கட்டும், மாமா மட்டும் வருவார். அவர் குழந்தையை வெறுமனே பார்த்தால் போதும். புளி போட்டுத் தேய்ப்பதையும் நிறுத்திவிட்டேன். குழந்தை வளர்ந்து, இது என்ன என்று கேட்கட்டும். நீ வெடிமருந்து என்று சொல், நான் சர்க்கரை என்று சொல்கிறேன், நசுங்கலைப் பற்றி மட்டும் தாத்தா சொல்லட்டும்.

ஆக, வலி கண்டதும் எனக்குத் தகவல் வரும், கோமதியின் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீ கூப்பிடாவிட்டாலும் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிவிடுவேன். கையில் ஒன்றும் இருக்காது, பையைத் திறந்தே காட்டுகிறேன். வாசலில் என்னைப் பார்த்ததும் நீ கத்துவாய், அது எனக்குத் தெரியும். "ஏன் வந்த, உன்ன யாரு வரச் சொன்னது?" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்து. இந்த முறை நான் பதிலுக்குக் கத்த மாட்டேன். "பயப்படாதடா, நான் எங்கியும் பூடல, இங்கதான் கீறேன்" என்று மட்டும் சொல்வேன். அதற்கப்புறம் பிள்ளையை என் கையில் கொடு.

உன் அம்மா